கல் பதியாத பாம்பு: கரிசல் நாட்டுப் பாம்படமும் எஞ்சிய நகைகளின் சாட்சியமும்

தமிழகத்து விலங்குருவப் பொன்னணிகளைப் பற்றி எழுதுவோர் சடைநாகம், அன்னப் பதக்கம், யாளிமுகக் காப்பு என்று சிவப்புக்கல் பதித்தவற்றையே முன்வைக்கிறார்கள். மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் காது வடித்த பாட்டிமார் போட்டிருந்த பாம்படம் இந்த வரிசையில் ஓரமாகத்தான் நிற்கிறது. அதற்குக் காரணம் அழகில் இல்லை, ஆசாரியின் உருக்குக் குகையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சடைநாகத்தில் படமெடுத்த நாகம் உச்சிக்குக் கீழே நிற்கும். அதன் உடல் துண்டு துண்டாகக் கோக்கப்பட்டு, பின்னலோடு வளைந்து, நுனிக்குப் போகப்போகச் சிறுக்கும். பொன் கூட்டுக்குள் அரக்கை நிரப்பி, மேலே மினுக்குத் தகடு வைத்து, அதன்மேல் கல்லை இருத்துவார்கள். கல்லின் விளிம்பைச் சுற்றி மாற்றுக் குறையாத பொன் இழையை அழுத்தி இறுக்குவார்கள். கல்லின் பின்பக்கம் அடைபட்டிருப்பதால் மங்கிய கெம்பும் தகட்டின் ஒளியில் கனன்று தெரியும். பர்மாவின் மோகோக் சிவப்பும் அதன் மலிவான மாற்றும் இப்படி அருகருகே உட்கார முடியும். செயற்கைச் சிவப்பை உருவாக்கும் சுடர்முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னேய் 1902இல் வெளியிட்ட பிறகு, 'இயற்கைக் கல்' என்று பட்டியலில் எழுதுவது இன்னும் துணிச்சலான காரியம்.

பாம்படத்திலும் அரக்கு உண்டு. மெல்லிய பொன் தகட்டைச் சதுரம், உருண்டை, கூம்பு என்று மடித்து ஒட்டி, உள்ளே அரக்கை ஊற்றுகிறார்கள். கண்ணில்லை, செதிலில்லை, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் தலைதூக்கிய பாம்பு தெரியும். இங்கே அரக்கு தாங்குவது கல்லை அல்ல, பொன்னின் தோலை. அடகுக் கடையில் அரக்கையும் கழிப்பார்கள், கல்லையும் கழிப்பார்கள். ஆனால் அரக்குக்குக் கொடுத்த காசு அற்பம்; கல்லுக்குக் கொடுத்ததோ தராசில் ஏறாமலே போய்விடும். மழை பொய்த்தால் நகையை எடுத்துக்கொண்டு வட்டிக்கடைக்கு நடக்க வேண்டிய மானாவாரிக் குடும்பம் கல்லைத் தவிர்த்ததில் வியப்பில்லை.

ஏழைக்குக் கல் கட்டுப்படியாகாது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். கேரளத்து நாகபடத் தாலியில் பச்சைக் கண்ணாடியே கல்லின் வேலையைச் செய்கிறது. நிறம்தான் வேண்டுமென்றால் அதற்கு மலிவான வழி இருந்தது. கல்லையும் விலங்கையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாத நிலம் என்றும் சொல்ல முடியாது. இதே விருதுநகர் மாவட்டத்தில், வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022இல் தொடங்கிய அகழாய்வின் மூன்றாம் கட்டத்தில் திமில் காளை செதுக்கிய சூதுபவளம் கிடைத்திருக்கிறது. அதற்கும் பாம்படத்துக்கும் தொடர்ச்சி கற்பிக்க நான் தயாரில்லை, அறியாமை என்ற விளக்கத்தை விலக்க மட்டும் அது போதும்.

இனி எஞ்சியவற்றைப் பற்றி. கல்நகையை உருக்கினால் கல்லும் பதித்த கூலியும் நட்டம். அதனால் அது பெட்டியில் கிடக்கிறது, கோயிலுக்குப் போகிறது, கடைசியில் சேகரிப்பாளர் கைக்கு வருகிறது. பாம்படத்தை உருக்கினால் நட்டம் சொற்பம். காது வடிக்கும் வழக்கம் நின்று, வடித்த காதையும் வெட்டித் தைத்துக்கொள்ளத் தொடங்கியபின், போட ஆளில்லாத பாம்படங்கள் பேத்திகளின் சங்கிலியாகவும் வளையலாகவும் மாறின. 1963இன் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் புது நகையை 14 காரட்டுக்குள் நிறுத்த முனைந்தன. 1968இல் வந்த சட்டம் 1990 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் வீட்டிலிருந்த பழைய நகையே கைக்கு எட்டிய பொன் என்பதால், இந்த உருக்கலை அந்தக் கட்டுப்பாடு விரைவுபடுத்தியிருக்கும் என்று கருதுகிறேன்.

ஆகவே அருங்காட்சியகத்தில் கல்நகை மிகுந்திருப்பதைக் கொண்டு மக்கள் எதை அணிந்தார்கள் என்று கணிப்பது பிழை. உருக்குக்குத் தப்பியவற்றின் கணக்கு அது. அணிந்தோரின் கணக்குக்கு அடகுச் சீட்டு, ஆசாரியின் கூலிக் குறிப்பு, சீர்வரிசைப் பட்டியல், பழைய குடும்பப் படங்கள் ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். பதிவேட்டில் பொன் எடை, அரக்கு எடை, கல் எடை மூன்றையும் தனித்தனியே குறிப்பதிலிருந்து தொடங்கலாம்.