சல்லாச் சேலையும் தைத்த விசிறியும்: குற்றாலக் குறத்தியின் உடை வரலாறு

திருக்குற்றாலக் குறவஞ்சியின் இறுதிப் பகுதியில், மனைவியைத் தேடியலைந்து கண்டடைந்த சிங்கன் அவள் உடலில் புதிதாகக் காணும் ஒவ்வொன்றையும் சுட்டி வினவுகிறான். கால்மேல் விரியன் கடித்துக் கிடப்பதேன் என்பது அவன் முதல் ஐயம். அது பாம்பன்று, சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் சிங்கி. வினாவும் விடையுமாக உரையாடல் காலிலிருந்து கழுத்து நோக்கி ஏறுகிறது. உரைகாரர்கள் இப்பகுதியைப் பெரும்பாலும் நகைச்சுவையாகவும், கணவனின் வெகுளித்தனமும் ஐயமும் கலந்த ஊடலாகவும் விளக்கியுள்ளனர். அவ்விளக்கம் பிழையன்று. ஆயினும், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்பாண்டி நாட்டில் உழைக்கும் பெண் ஒருத்தியின் உடையையும் அணியையும் பெயர், ஊர், கொடுத்தவர் என்ற மூன்று குறிப்புகளுடன் தரும் ஆவணமாக இதனை வாசிக்க இடமுண்டு. இருபதாம் நூற்றாண்டு மேடையில் குறத்திக்கு உடை தைக்கப்பட்டபோது இம்மூன்றனுள் எவை நிலைத்தன, எவை நீங்கின என்பதே இக்கட்டுரையின் வினா.

நூலாசிரியர் திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்தவர். மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் நூலுக்குப் பரிசாக அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர் பெற்றது. காலம் இவ்வாறு ஓரளவு உறுதிப்படுவதால், நூல் காட்டும் ஊர்ப்பட்டியலை வரலாற்றோடு ஒப்பிட முடிகிறது.

சிங்கியின் பட்டியலில் இருவகைக் கொடையாளர் உள்ளனர். பாடகத்தைப் பாண்டியன் மகளும் பொன் அரைஞாணைச் சோழன் மகளும் தந்ததாக அவள் கூறுவது இலக்கிய மரபு. அக்காலத்தில் சோழ அரசு என ஒன்று இல்லை. மறுவகையினர் வாழும் ஊரினர். காலாழியும் பீலியும் கண்டி தேசத்தில் பெற்றவை. முத்தாரம் காயலார் தந்தது. கழுத்துச் சவடி குட்டநாட்டாரும் காயங்குளத்தாரும் இட்டது. கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து மணப்பெண் கொண்ட காலம் அது. காயல் முத்துக்குளித்துறைக் கடற்கரையிலுள்ளது. காயங்குளமோ 1746இல் திருவிதாங்கூருடன் இணைக்கப்படும்வரை தனியரசாக விளங்கியது. செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய் வழியாக மலையாள நாட்டோடு குற்றாலத்திற்கு இருந்த போக்குவரத்தைக் கருதினால், இவ்வூர்ப் பெயர்கள் எதுகைக்காக மட்டும் சேர்க்கப்பட்டவை என ஒதுக்குவதற்கில்லை. அவள் உடல்மேல் கிடப்பது ஒரு வணிக நிலவரைபடம்.

இவையனைத்தும் கூலி என்பது அதனினும் முதன்மையானது. வசந்தவல்லியின் காதல் நோய்க்குத் தோழியர் சந்தனம் பூசியும் குளிர்பொருள்களை இட்டும் பயன் காணாத நிலையிலேயே குறத்தி வருகிறாள். கைபார்த்து நோயின் காரணம் உரைப்பது அவள் தொழில். மருத்துவருக்குரிய காணிக்கை போன்றதே அவள் பெறும் பொருளும். குறத்தியின் அணி அழகுக்கு முன் ஊதியம். ‘ஒப்பனை’ என்ற சொல்லால் மட்டும் அதனைக் குறிப்பது அவளது உழைப்பை மறைத்துவிடும்.

உடை ஆய்வுக்கு இரண்டு இடங்கள் சிறப்பாக உதவுகின்றன. ஒன்று சேலை. வாழைக்குருத்தை விரித்து மடித்தது போல் தொடைமேல் கிடப்பது என்ன என்று சிங்கன் வினவ, நெல்வேலியார் தந்த சல்லாச் சேலையை நெறிபிடித்து உடுத்தியதாகச் சிங்கி விடை கூறுகிறாள். சல்லா என்பது மெல்லிய துணி. நெறி என்பது மடிப்பு, இன்றைய வழக்கில் கொசுவம். மடிப்பு கையால் பிடிக்கப்படுவது, ஒவ்வொரு நாளும் புதிதாக அமைவது, அவிழ்த்தால் மீண்டும் முழுத்துணியாவது. இவ்வுரையாடலில் தையற்காரரின் கைபட்ட பொருள் எனச் சொல்லத்தக்கது எதுவும் காணப்படவில்லை. சிற்பச் சான்று இவ்விடத்தில் அதிகம் உதவாது. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலின் புகழ்பெற்ற குறவன், குறத்திச் சிற்பங்களில் மடிப்பும் கரையும் அணியும் தெளிவாக உள்ளன. எனினும், ஒரு மடிப்பு பிடிக்கப்பட்டதா, தைக்கப்பட்டதா என்பதைக் கல் கூறுவதில்லை. வாழைக்குருத்து உவமை கூறுகிறது.

மற்றொன்று கெச்சம். காலில் மாண்ட தவளையைக் கட்டியிருப்பதேன் என்ற வினாவுக்கு, குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் தந்த கெச்சம் என்பது விடை. கோயில் ஆடல்மகளிரின் சதங்கை குறத்தியின் காலுக்கு வந்துவிட்டது. குறவஞ்சி நாடகங்கள் கோயில்களில் ஆடல்மகளிரால் நடிக்கப்பட்டதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் நிகழ்ந்த சரபேந்திர பூபாலக் குறவஞ்சி நன்கறிந்த சான்று. அம்மரபை மனத்திற்கொண்டால், குறத்தி வேடமிட்டவளின் சொந்தச் சதங்கையையே பாத்திரம் ‘அவர்கள் தந்தது’ என்று கூறும் நுட்பம் இங்கு இருக்கலாம். இது ஊகமே, ஆயினும் நடிப்பவளும் நடிக்கப்படுபவளும் ஓர் அணியில் சந்திக்கும் இடம் நூலில் வேறில்லை.

அடையாற்று மேடை

1944இல் கலாக்ஷேத்திரம் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றியது. ருக்மிணி தேவி அருண்டேலின் நாட்டிய நாடகங்களுள் இதுவே முதலாவது. வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். நூலின் சுவையை அக்காலத் தமிழ்ச் சமூகத்தில் பரப்பியவர்களுள் முதன்மையானவரும், பிற்கால வாழ்வைக் குற்றாலத்திலேயே கழித்தவருமான ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் ஊக்கத்தையும் இம்முயற்சியோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

உடைமாற்றம் இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1935இல் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி அரங்கேறியபோது அணிந்த உடையின் உருவாக்கத்தில் மேடம் கசான் என்ற இத்தாலியப் பெண்மணி உதவினார். அதற்கு முந்தைய ஆடல்மகளிரின் புகைப்படங்களில் கால்சட்டையின்மேல் சுற்றிய சேலையும், முன்புறம் தொங்கும் கனத்த கொசுவமும் காணப்படுகின்றன. புதிய உடையில் சேலை வெட்டப்பட்டது. கால்சட்டை, விசிறி, மேலாக்கு, இடுப்புத்துண்டு என உறுப்புகள் பிரிந்தன. கரை விசிறியின் விளிம்பாக மாறியது. மடிப்புகள் நிலையாகத் தைக்கப்பட்டு, அரைமண்டியில் நிற்கும்போது மட்டும் விரியுமாறு அமைந்தன. ஆடுபவருக்கு இதனால் விளைந்த நன்மை வெளிப்படை: உடை நழுவாது, காட்சிகளுக்கிடையே விரைந்து மாற்றலாம், உடலின் கோணம் அரங்கின் பின்வரிசைக்கும் தெரியும். 1937இல் கலாக்ஷேத்திரத்தில் நெசவுப் பிரிவு தொடங்கப்பட்டதால் பழைய கரைகளும் வண்ணங்களும் மீட்கப்பட்டன என்பதையும் மறுக்கவியலாது.

இம்மீட்பின் மூலங்கள் சிற்பமும் பழைய நெசவும். நெல்வேலியார் தந்த சேலை, காயலார் தந்த முத்து என்ற கொடுத்தவர் வரிசை பாடலில் ஒலித்துக்கொண்டிருக்க, மேடையில் கண்முன் நின்றது ஒரே வடிவமைப்பாளரின் ஒருமித்த பார்வை. வரலாற்று உடை எனப் போற்றப்பட்டது உண்மையில் வரலாற்றிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட உடை. இதனை மோசடி என்பது மிகை. எந்த மேடையும் இதனைச் செய்தாக வேண்டும். (கண்ணி வைத்துப் பறவை பிடிக்கும் சிங்கனை மேடையேற்றிய ருக்மிணி தேவியே, பின்னர் மாநிலங்களவை உறுப்பினராக, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திற்கு வித்திட்டவர். நாய் முதலிய வளர்ப்புயிர்களைப் பட்டினிக்கு உள்ளாகுமாறு கைவிடுவதும் அச்சட்டப்படி குற்றம். கலையிலிருந்து வேட்டைக்காட்சியை நீக்க அவர் முனையவில்லை என்பது கருதத்தக்கது.)

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. 1944இல் குறவர் பிரிவினர் பலர் குற்றப் பழங்குடிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டிருந்தனர். 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய இச்சட்டமுறை 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்திற்கும் வந்தது. எருகுலர் எனப்படும் தெலுங்குக் குறவருக்காக ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. சேலம், கண்டி, காயங்குளம் என ஊரூராகச் சென்று பொருள் ஈட்டிய சிங்கியின் பயணமே, இச்சட்டத்தின் கண்ணில் ஐயத்திற்குரிய நடமாட்டம். சென்னை மாகாணம் இச்சட்டத்தை 1947இல் நீக்கியது. தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். கெச்சம் தந்த சந்நிதிப் பெண்ணும் அதனைப் பெற்ற குறத்தியும் ஒரே ஆண்டில் இரு வேறு சட்டங்களுக்குப் பொருளாயினர்.  இலக்கியக் குறவரையும் நிருவாகம் வகுத்த குறவர் பிரிவுகளையும் ஒன்றாகக் கொள்ளலாகாது என்ற எச்சரிக்கை இங்குத் தேவை. ஆயினும், பெயர் ஒன்றாயிருந்ததன் சுமையைச் சுமந்தவர்கள் மனிதர்களே.

ஊர்த்திருவிழா மேடை

குறவன் குறத்தி ஆட்டம் மற்றொரு பாதையில் சென்றது. கரகாட்டத்தோடு இணைந்து தென்மாவட்டத் திருவிழாக்களில் ஆடப்பட்ட இவ்வடிவத்தில், குறத்தி வேடத்தின் உடை காலப்போக்கில் குறுகியது. குட்டைப் பாவாடையும் இறுக்கமான மேற்சட்டையும் அதன் அடையாளமாயின. இவையும் தைத்த உடைகளே. அடையாற்றின் விசிறியைப் போலவே பாட்டிலுள்ள சேலையிலிருந்து விலகியவை. தம் சமூகப் பெயரால் ஆபாச ஆட்டம் நிகழ்வதாகக் குறவர் அமைப்பினர் நெடுங்காலமாக எதிர்ப்புத் தெரிவித்தனர். நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து, தமிழக அரசு 2023இல் இவ்வாட்டத்தை நாட்டுப்புறக் கலைப் பட்டியலிலிருந்து நீக்கியது. இதனால் வாழ்வூதியம் இழந்த ஆட்டக்கலைஞர்களின் நிலை தனியே ஆராயப்பட வேண்டியது.

இவ்வழக்கில் உடையே மையப்பொருளாக இருந்தும், தமிழில் குறத்தியின் உடையை இத்துணை விரிவாகப் பதிவுசெய்த நூல் விவாதத்தின் எப்பக்கத்திலும் சான்றாக முன்னிற்கவில்லை. திரிகூடராசப்பர் சிங்கியின் உடலழகை வருணிக்கத் தயங்கியவரல்லர். சிற்றிலக்கியத்திற்குரிய சிருங்காரம் நூல் முழுதும் உண்டு. ஆனால் அவள் எதை உடுத்தியிருக்கிறாள் என்ற கேள்விக்கு நூல் தரும் விடை ஐயத்திற்கு இடமற்றது. நெல்வேலியார் குறிக்கூலியாகத் தந்த, நெறிபிடித்து உடுத்திய முழுச்சேலை அது.