ஊர் கூடி உழும் நாளும் ஓய்வில்லாத டிராக்டரும்

1931-ல் அயர்லாந்தில் இரண்டு நண்பர்களுக்குள் ஒரு வாய்ச்சண்டை. நன்றாக உழுவது கில்டேர்க்காரர்களா, வெக்ஸ்ஃபோர்டுக்காரர்களா? பேச்சில் தீராததால் வயலில் இறங்கிப் போட்டியே வைத்துவிட்டார்கள். அன்றைக்குக் குதிரை ஏர்தான். அது வளர்ந்து, இன்று இரண்டு லட்சம் பேருக்கு மேல் கூடும் தேசிய உழவுத் திருவிழா ஆகிவிட்டது. அதில் பழைய டிராக்டர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 1946-லிருந்து 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான சாம்பல் நிற ஃபெர்குசன் வண்டியைத் துடைத்துப் பெயின்ட் அடித்து, ஊர்க்கூட்டத்தின் நடுவே உழுதுகாட்டுவதில் அந்த நாட்டு ஆட்களுக்கு அப்படி ஒரு பெருமை.

நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம் இப்படி ஏதாவது உண்டா? டிராக்டரை விடுங்கள், ஊர் கூடி வயலில் இறங்கும் வழக்கம் நமக்குப் புதிதே இல்லை. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையிலேயே ஏர்மங்கலப் பாட்டு பற்றிய குறிப்பு வருகிறது. சித்திரையில் நல்ல நாள் பார்த்து ஊரே சேர்ந்து முதல் உழவு ஓட்டுவதைத் தென்மாவட்டங்களில் பொன்னேர் பூட்டுவது என்பார்கள் (மாடு கிடைக்காத கரிசல் ஊர்களில் டிராக்டருக்கு மாலை போட்டும் நடத்துகிறார்கள்). கொங்கில் இதற்கு நெருக்கமானது பேரூர் பட்டீஸ்வரர் கோயிலின் நாற்று நடவுத் திருவிழா. சுந்தரருக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் சிவனும் பார்வதியும் உழவர் வேடத்தில் வயலில் ஒளிந்துகொண்டார்கள், நந்தி காட்டிக் கொடுத்துவிட்டது என்பது தலபுராணம். அதை நினைத்து ஆனி மாதம் நடவு நடக்கிறது. கடவுளே கடனுக்குப் பயந்து சேற்றில் ஒளிந்த கதை விவசாயிக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை!

சரி, இயந்திரக் கதைக்கு வருவோம். 1860-களில் சென்னை கவர்னர் டெனிசன் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை வரவழைத்துச் சைதாப்பேட்டைப் பண்ணையில் சோதித்துப் பார்த்தார். நம்ம ஊர் மண்ணுக்கு அது ஒத்துவரவில்லை. அங்கே வளர்ந்த வேளாண் பள்ளிதான் 1906-ல் கோவைக்கு இடம் மாறி, பிறகு 1971-ல் வேளாண் பல்கலைக்கழகம் ஆனது.

கொங்கில் மாட்டுக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று ஏர், மற்றது கவலை. ஆழக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க, ஜோடி மாடு வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும், பிறகு பின்னங்காலாலேயே மேலே ஏறி வரும். காலையிலிருந்து இதே நடைதான். (உழவில் விழும் கோடும் சால், கிணற்றில் தண்ணீர் மொள்ளும் பாத்திரமும் சால். மாட்டின் பிழைப்பு முழுக்க அந்த ஒரே சொல்லுக்குள்!) காங்கேயம் மாட்டின் பேர் நிலைத்தது இந்த உழைப்பினால்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அதைப் பொறுக்கி வளர்த்தது, கண்ணபுரம் சந்தையில் அது கைமாறியது.

மாட்டின் கையிலிருந்து முதலில் போனது கவலைதான். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் ரூம் முளைக்க, கவலை மேடு காலியானது. அப்போதும் மாடு கட்டுத்தரையில் இருந்தது, ஏர் இருந்ததால். 1959-ல் ஃபரிதாபாத்தில் ஐஷர் டிராக்டர், 1960-ல் சென்னையில் டாஃபே என்று வந்த பிறகு, மெல்ல மெல்ல ஏரும் போனது.

புத்தகங்கள் இதை வளர்ச்சி என்று ஒரு வரியில் முடித்துவிடும். தப்பில்லை, நாள் முழுக்க ஏர் பின்னால் நடந்தவனைக் கேட்டால் அவனும் அதையேதான் சொல்வான். ஆனால் கூடவே இன்னொன்றும் போனது. மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். அதனால் உன் மாடு என் காட்டுக்கு, என் மாடு உன் காட்டுக்கு என்று ஏர்கள் வரிசையாக இறங்கும். டிராக்டர் வந்ததும் அது மணிக்கு இவ்வளவு என்ற வாடகையாகிவிட்டது. கொக்கிக் கலப்பை மாட்டிய ஒரே ஆள் முன்பு பத்து ஏர் இறங்கிய காட்டைத் தனியாக ஓட்டிவிட்டு அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்.

காளைக்கு இன்னும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ரேக்ளா இருக்கிறது, பட்டிப் பொங்கல் இருக்கிறது, 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் காங்கேயம் இனத்தைக் காக்கச் சொல்லிக் குரல் எழுந்தது. பழைய கார்களுக்குக் கோவையிலேயே ஜி.டி. நாயுடு பெயர் சொல்லும் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய டிராக்டருக்கு? ஆயுத பூஜையன்று சந்தனப் பொட்டு, அவ்வளவுதான். எனக்குத் தோன்றும் காரணம் எளிது. அயர்லாந்தில் அது ஓய்வுபெற்ற வண்டி, நம்மூரில் அதற்கு ஓய்வே கிடையாது. உழ முடியாத வயது வந்தால் டிரெய்லர் இழுக்கும், தண்ணி டேங்கர் இழுக்கும். பின்னால் கம்ப்ரசர் பொருத்தி, மாடு இறைத்த அதே பழைய கிணற்றின் மேட்டில் நிறுத்திப் பாறைக்குத் துளை போட வைப்பார்கள், கிணற்றை இன்னும் பத்தடி ஆழப்படுத்த. எஞ்சின் அடங்கிய பிறகு பழைய இரும்புக் கடையில் எடை போட்டு விலை பேசுவார்கள்.