பனிக்கு அடியில ஆறு நாள்: ஒரு இழை

1/ பேச்சிப்பாறைல மார்கழி மாசம்கூட தலைல ஒரு துண்டைக் கட்டினா குளிர் போயிரும். பனிச்சரிவுன்னா நமக்கு சினிமால பாத்ததுதான். ஆனா 2016 பிப்ரவரில ஒரு பனிச்சரிவு தமிழ்நாட்டுல நாலு வீட்டுல இழவு விழ வெச்சுது.

2/ பிப்ரவரி 3. சியாச்சின், சோனம் காவல் முகாம். உயரம் 19,600 அடி. 19வது மெட்ராஸ் பட்டாலியன் வீரர்கள் 10 பேர் மேல பனிச்சுவர் இடிஞ்சு விழுந்துச்சு. நாலு பேர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட்டோட மையம் நீலகிரி வெலிங்டன்ல இருக்கு. சோனம் அதைவிட மூணு மடங்குக்கு மேல உயரம்.

3/ 1984ல இருந்து அங்க ராணுவம் நிக்குது. குண்டைவிட குளிரும் பனியும்தான் அதிகம் பேரைக் கொன்னிருக்கு. எதிர்ப்பக்கமும் அப்படித்தான்: 2012 ஏப்ரல் 7, கயாரில பாகிஸ்தான் முகாம் மேல பனி சரிஞ்சு 140 பேர் போயிட்டாங்க.

4/ பனில புதைஞ்சவங்களை முதல்ல கொல்றது குளிர் இல்ல, மூச்சுத்திணறல். 1994ல நேச்சர் இதழ்ல வந்த சுவிஸ் ஆய்வுப்படி, 15 நிமிஷத்துல எடுத்தா 100ல 92 பேர் பிழைப்பாங்க. 35 நிமிஷம் ஆச்சுன்னா 30 பேர்தான்.

5/ இங்க நிமிஷம் இல்ல, ஆறு நாள். துளைக்கிற கருவி, ரேடார், மோப்ப நாய்களோட தேடினாங்க. பிப்ரவரி 8, லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோட கிடைச்சார். தார்வாட் மாவட்டத்துக்காரர். கூடாரத்துக்குள்ள தங்கின கொஞ்சம் காத்துதான் அவரைக் காப்பாத்தி வெச்சிருந்துச்சு. மத்த 9 பேரும் சடலமாத்தான் கிடைச்சாங்க.

6/ நாடே கும்பிட்டுச்சு. ஆனா டெல்லி ராணுவ மருத்துவமனை முதல் அறிக்கையிலயே எச்சரிச்சுது: உடம்பை மறுபடி சூடாக்குறதால, குளிர்ந்த பாகங்களுக்கு ரத்தம் திரும்புறதால சிக்கல் வரலாம்னு. பிப்ரவரி 11, உறுப்புகள் ஒவ்வொண்ணா செயலிழந்து இறந்துட்டார்.

7/ "வெளிய எடுத்த பிறகு ஏன் சாகணும்?"னு அன்னைக்கு நிறைய பேர் கேட்டாங்க. ரொம்பக் குளிர்ந்த உடம்புல கைகால்ல ரத்த ஓட்டம் சுருங்கிரும். சூடேறும்போது அங்க தேங்கின குளிர் ரத்தம், பொட்டாசியத்தோடயும் அமிலத்தோடயும் இதயத்துக்குத் திரும்பும். துடிப்பு தாறுமாறாகலாம். செத்த தசைல இருந்து வர்ற கழிவு கிட்னியை அடைக்கும். ஆறு நாள் தண்ணி, சாப்பாடு இல்லாத உடம்பு இதை எப்படித் தாங்கும்?

8/ இது நமக்கு எதுக்கு? குளிர்ச்சிக்கு பனி வேணும்னு இல்ல. ஐப்பசி மழைல கோதையாத்து வெள்ளத்துல மணிக்கணக்கா கிடந்தவருக்கும், மண்சரிவுல மாட்டினவருக்கும் உடம்புச்சூடு ஆபத்தா இறங்கலாம். நாம உடனே செய்றது என்ன? கைகாலைப் பரபரன்னு தேய்க்கிறது, பிராந்தி ஊத்துறது. ரெண்டும் தப்பு.

9/ செய்ய வேண்டியது: அலுங்காம படுக்க வைங்க. ஈரத்துணியைக் கழட்டி, காய்ஞ்ச கம்பளியால நெஞ்சையும் தலையையும் முதல்ல மூடுங்க. எழுப்பி நடக்க விடாதீங்க. நல்ல நினைவு இருந்தா மட்டும் இனிப்பான சூடு சாயா. மூச்சு இல்லைன்னா நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க, 108 கூப்பிடுங்க. உடம்பு ஜில்லுன்னு இருக்குன்னு "போயிட்டார்"னு முடிவு கட்டாதீங்க. குளிர்ந்த உடம்பு சூடேறின பிறகுதான் அதைச் சொல்ல முடியும்.

10/ வெளிய எடுத்தா வேலை பாதிதான் முடிஞ்சுது. அந்த மீதிப் பாதில உங்க கை தேய்க்காம இருந்தாலே பெரிய உதவி.