108-க்கு முன்னாடி இந்த ரோட்டுல ஓடின ஆம்புலன்ஸ்கள்

கொல்கத்தா போகிற தேசிய நெடுஞ்சாலைக்கு இப்போ நம்பர் 16. முன்னே 5. எங்க பக்கத்துப் பெரியவங்களுக்கு அது இன்னிக்கும் ஜி.என்.டி. ரோடுதான். மாதவரம், செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுரோடு, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர். அதைத் தாண்டினா ஆந்திரா. கும்மிடிப்பூண்டியில சிப்காட் வந்த பிறகு லாரி பெருகிச்சு, கூடவே விபத்தும் பெருகிச்சு.

சிட்டியில இருக்கிற உங்களுக்கு 108-ஐக் கூப்பிட்டா வண்டி வரும் என்பது சாதாரண விஷயம். அந்த நம்பர் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பர்லதான். அதுக்கு முன்னாடி இங்க அடிபட்டவங்களை யார் எடுத்துகினு போனாங்க, எந்த வண்டியில போனாங்க என்று எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைப்பு. எழுதாம விட்டா அந்த ஆளுங்களோட அந்தக் கதையும் போயிடும்.

ஆளைத் தூக்குற வேலைக்கும் எங்க ஜில்லாவுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1899-ல தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் சண்டை வந்தப்போ, காந்தி நேட்டாலில் இந்திய ஆம்புலன்ஸ் படை ஒன்று சேர்த்தார். சுமார் 1,100 பேர். அதில் 800 பேர் வரை ஒப்பந்தக் கூலிகள். வண்டி கிடையாது, ஸ்ட்ரெச்சர்தான். காயம்பட்ட சிப்பாய்களைச் சில நாள் 20, 25 மைல் வரை சுமந்து நடந்திருக்காங்க. நேட்டாலுக்குக் கப்பல் ஏறின கூலிகளில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாப் போனவங்க. வட ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்காரங்க அதுல நிறைய. 1997-ல தனி மாவட்டம் ஆகிற வரைக்கும் திருவள்ளூர் அந்தச் செங்கல்பட்டோட சேர்ந்ததுதான். பதக்கம் கிடைச்சது தலைவர்களுக்கு. சுமந்த கூலிகளுக்கு இல்லை.

இனி நம்ம ரோட்டுக்கு வருவோம். என் சின்ன வயசுல ஆம்புலன்ஸ்னா ஸ்டாண்டர்ட் 20 வேன். சென்னையிலேயே தயாரான வண்டி அது. ஸ்கூல் வேனும் அதுதான், ஆம்புலன்சும் அதுதான். எஞ்சின் முன்சீட்டு ரெண்டுக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கும். பக்கத்து ஊர்ல ஓய்வுபெற்ற டிரைவர் அண்ணன் ஒருத்தர் இருக்கார். "சித்திரை வெயில்ல ஒரு பக்கம் காலு வெந்துபூடும் தம்பி" என்று இப்பவும் சொல்லுவார். அப்புறம் மெட்டாடர் வந்தது. அம்பாசிடரின் பின்சீட்டைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் போட்ட வண்டியும் ஓடிச்சு. பிறகு மாருதி ஆம்னி, டெம்போ டிராவலர்.

வண்டி எதுவானாலும் உள்ளே இருந்தது ஏறக்குறைய ஒண்ணுதான்: ஒரு ஸ்ட்ரெச்சர், பக்கவாட்டுல ஒரு பெஞ்சு, சில வண்டியில ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். டிரைவரும் கூட ஒரு ஆளும். பயிற்சி என்று பெரிசா எதுவும் இல்லை. "ரத்தம் வர்ற இடத்துல துணியை வெச்சு அழுத்து, கழுத்தைத் திருப்பாதே. இது ரெண்டும் ஒரு டாக்டர் சொல்லிக் குடுத்தது. மீதியெல்லாம் ஆக்சிலேட்டர்தான்" என்பார் அண்ணன். கும்மிடிப்பூண்டியில இருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு 45 கிலோமீட்டர் பக்கம். நாலுவழிச் சாலை இல்லாத காலம். காரனோடைப் பாலத்துலயோ செங்குன்றத்துலயோ லாரி மாட்டிகினா அவ்வளவுதான்.

அந்த ஆக்சிலேட்டர்தான் ஆபத்தாவும் முடிஞ்சது. உயிரைக் காப்பாத்தப் போற வண்டியே மோதிக்கும். எதிர்ப்பக்கம் ஏறி ஓட்டணும், தூக்கம் கிடையாது, டயர் தேய்ஞ்சிருக்கும். உயரமான வேனுக்குள்ள பாரத்தை ஏத்தினா திருப்பத்துல சாயும். முன்னாடி டிரைவருக்காவது பிடிச்சுக்க ஸ்டீயரிங் இருக்கு. பின்னாடி பெஞ்சுல இருக்கிற ஆளுக்கு பெல்ட்டும் இல்லை, பிடியும் இல்லை. அண்ணனோட பழைய கூட்டாளி ஒருத்தர் அப்படித்தான் போனார். நின்ன லாரி மேல வண்டி மோதினப்போ, படுத்திருந்த நோயாளி பிழைச்சுக்கிட்டார், பெஞ்சுல உட்கார்ந்து அவரைப் பிடிச்சுகினு வந்த ஆள் இறந்துட்டார். அந்த வண்டி கேஸ் முடியற வரைக்கும் வேப்பமரத்தடியில நின்னு, கதவுல சிவப்பு சிலுவை வெளுத்து, சக்கரத்துல கொடி ஏறினதை நானே பார்த்திருக்கேன்.

வண்டி இல்லாதது பாதி பிரச்னை. மீதி பயம். அடிபட்டவனைத் தொட்டா போலீஸ் கேஸ், கோர்ட்டு என்று ஜனங்க ஒதுங்குவாங்க. சில ஆஸ்பத்திரிகளும் போலீஸ் வரட்டும் என்று நிறுத்தி வைக்கும். பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-ல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிச்சு: முதல்ல சிகிச்சை, சம்பிரதாயம் அப்புறம். உதவி பண்றவங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதிகளுக்கு 2016-ல அதே நீதிமன்றம் பலம் கொடுத்தது. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலேயே அது ஏறிச்சு. இன்னும் எங்க பக்கம் பாதிப் பேருக்கு இது தெரியாது. நீங்களாவது தெரிஞ்சு வெச்சுக்குங்க.

108 முதல்ல ஐதராபாத்துல 2005 ஆகஸ்ட் 15-ல ஆரம்பிச்சது. மூணு வருஷம் கழிச்சு நமக்கு வந்தது. டிரைவர் "பைலட்" ஆனார். பின்னாடி பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் வந்தார். பெரிய மாற்றம் அதுதான். தூக்கிப்போற வேலை போய், வழியிலேயே வைத்தியம் பார்க்கிற வேலை ஆச்சு. 2021 டிசம்பர்ல விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம் என்ற திட்டம் வந்தது. 2022-ல திருவள்ளூருக்கே மருத்துவக் கல்லூரி வந்தது. 2024 அக்டோபர் 11 ராத்திரி கவரைப்பேட்டையில பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயில் மேல மோதினப்போ, பெட்டிகள் சாய்ஞ்சு கிடந்தும் உயிர்ச்சேதம் இல்லை. ஊர் ஜனங்க ஓடினாங்க, ஆம்புலன்ஸ்களும் வரிசையா வந்துச்சு. பழைய காலமா இருந்தா அந்த ராத்திரியில காயம்பட்டவங்களை எத்தனை மாட்டுவண்டி, எத்தனை லாரியில ஏத்தியிருப்போம் என்று அண்ணன் கேட்டார்.

பழைய வண்டிகள் என்ன ஆச்சு? ஏலத்துல போய், உடைஞ்சு, இரும்பாகிடுச்சு. 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் முதல் விதியே இருக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடுற உலைகள் நிறைய. நம்ம ஸ்டாண்டர்ட் வேனோ மெட்டாடரோ அப்படி உருகி, யார் வீட்டுத் தளத்துலயாவது கம்பியா இருக்கலாம். அதுல எனக்கு வருத்தமில்லை, இரும்புக்கு அது நல்ல முடிவுதான். அதை ஓட்டினவங்களுக்குத்தான் ஒரு கல்வெட்டும் இல்லை, ஒரு போட்டோவும் இல்லை.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு பழைய டிரைவர் இருப்பார். போய் உட்கார்ந்து கேளுங்க, பேரோட எழுதி வைங்க. ரோட்டுல சைரன் கேட்டா வழி விடறதோட, அந்த வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டிகினு போறதையும் நிறுத்துங்க. உள்ளே படுத்திருக்கிறவர் மட்டும் இல்லை, அவரைப் பிடிச்சுகினு ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்.