ஒரு தலைநகரத்தை நகர விடாத மரம்

இன்னைக்கு எத்தியோப்பியாவுக்குப் போறோம், தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு.

முதல்ல மேப்பைத் திறங்க. வடக்கு அட்சரேகை 9 டிகிரி, கிட்டத்தட்ட நம்ம கோவில்பட்டி இருக்கிற கோடு. ஆனா அங்கே வருஷ சராசரி வெப்பநிலை 16 டிகிரி பக்கம்தான். காரணம் உயரம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,350 மீட்டர், ஊட்டியை விடக் கொஞ்சம் மேலே. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கனமழை வேற.

இந்தக் குளிர்தான் இந்த ஊரோட வரலாற்றையே எழுதியிருக்கு. எப்படின்னு பார்ப்போம்.

1880களில் மன்னர் மெனெலிக் இருந்தது இதுக்கும் மேலே, சுமார் 3,000 மீட்டர் உயரமுள்ள என்டோட்டோ மலையில். எதிரி ஏறி வர்றது கஷ்டம், பாதுகாப்புக்கு அருமையான இடம். ஆனா குடியிருக்க? காத்து, குளிர், சேறு. விறகையும் மேலே சுமந்துதான் கொண்டு போகணும்.

மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. அரச குடும்பம் குளிக்க அங்கே இறங்கி வரும். 1886-ல் அரசி தைத்து அங்கேயே வீடு கட்டச் சொன்னார். ஊருக்கு அடிஸ் அபாபா, அதாவது 'புது மலர்'னு பேர் வெச்சார். ஒண்ணு கவனிங்க, அது ஆளில்லாத இடம் இல்லை. அங்கே வாழ்ந்த ஒரோமோ மக்களுக்கு அந்த இடம் ஃபின்ஃபின்னே. இன்னைக்கும் அவங்க அப்படித்தான் சொல்றாங்க.

அரசவை வந்தா பின்னாடியே படையும் வரும், ஜனமும் வரும். சமைக்க, குளிர் காய, வீடு கட்ட, எல்லாத்துக்கும் மரம். சுத்தியிருந்த காடு வேகமா மொட்டையாச்சு. எத்தியோப்பிய அரசர்களுக்கு இதுக்கு ஒரு பழைய தீர்வு உண்டு: விறகு தீர்ந்தா தலைநகரத்தையே மாத்திடறது. மெனெலிக்கும் 1900 வாக்கில் மேற்கே அடிஸ் ஆலம்னு புது ஊரைக் கட்ட ஆரம்பிச்சுட்டார்.

ஆனா தலைநகரம் போகலை. வெளிநாட்டுத் தூதரகங்களும் வியாபாரிகளும் ஏற்கெனவே இங்கே பணம் போட்டிருந்தாங்க, அது ஒரு காரணம். இன்னொண்ணு யூகலிப்டஸ், நம்ம தைல மரம். 1890களில் ஆஸ்திரேலிய இனமான இது அங்கே வந்தது. சீக்கிரம் வளரும், வெட்டினா அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். நடுறவங்களுக்கு வரிச்சலுகையும் கிடைச்சது. சில வருஷத்தில் நகரத்தைச் சுத்தி யூகலிப்டஸ் காடு. அம்ஹாரிக் மொழியில் அதுக்குப் பேர் 'கடல் கடந்து வந்த மரம்'. அடிஸ் ஆலத்தில் அரண்மனைக்காக எழுப்பின கட்டடம் தேவாலயமா மாறிடுச்சு.

நீலகிரியிலும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இதே மரத்தை விறகுக்காகத்தான் நட்டாங்க. அதனால இதோட விலை நமக்கும் தெரியும். தண்ணியை நிறைய உறிஞ்சும், அடியில் வேற செடி சரியா வளராது. என்டோட்டோவின் பழைய ஜூனிபர் காடு இருந்த இடமெல்லாம் பெரும்பாலும் இதுதான்.

சாஃப்ட்வேர்ல அவசரத்துக்குப் போட்ட ஃபிக்ஸ் பல வருஷம் புரொடக்‌ஷன்ல ஓடுமே, அது மாதிரி. நகரம் நின்னுச்சு, சுமை மட்டும் கைமாறிச்சு. என்டோட்டோ சரிவில் முதுகு வளைய யூகலிப்டஸ் விறகுக்கட்டைச் சுமந்து நகரத்துக்கு இறங்கி வந்தது பல தலைமுறைப் பெண்கள். அடிஸ் அபாபாவோட வரலாற்றில் மெனெலிக், தைத்து பேரோட அவங்களையும் சேர்த்துத்தான் நான் படிக்கிறேன்.

உங்க ஊர் ஏன் அந்த இடத்தில் இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!