சுவிட்சர்லாந்து தேசிய அவைத் தொகுதிகள் (1848–1919)

சுவிட்சர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவை தேசிய அவை. 1848 முதல் 1919 வரை பெரும்பான்மை முறையில் அதற்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய வட்டாரங்களே இத்தொகுதிகள். முதலாம் உலகப் போருக்குப் பின் இவை மறைந்தன. எல்லைக் கோட்டை வரைபவர் கையில் தேர்தல் முடிவும் இருக்கும் என்பதற்கு இவற்றின் வரலாறு தெளிவான சான்று.

தோற்றம்

1847-இல் நடந்த சோண்டர்பண்ட் உள்நாட்டுப் போரில் கத்தோலிக்கக் கன்டோன்கள் (மாநிலங்கள்) தோற்றன. வென்ற தாராளவாதிகள் 1848-இல் புதிய அரசமைப்பை நிறுவினர். 20,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்ற கணக்கில் முதல் அவையில் 111 பேர் இருந்தனர். முதல் தேர்தலுக்கான தொகுதிகளை கன்டோன்களே வகுத்துக்கொண்டன. 1850-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் அவற்றை 49 தொகுதிகளாக ஒழுங்குபடுத்தியது. இடங்கள் 120 ஆயின.

எந்தத் தொகுதியும் கன்டோன் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஊரி போன்ற சிறு கன்டோன் முழுவதும் ஒரே தொகுதி. பெரிய பேர்ன் கன்டோனோ ஓபர்லாண்ட், மித்தல்லாண்ட், எம்மன்டால், ஓபர்ஆர்காவ், ஸீலாண்ட், ஜூரா என ஆறாகப் பிரிந்தது.

வாக்களிப்பு முறை

20 வயது நிரம்பிய ஆண்களுக்கே வாக்குரிமை. தொகுதிக்கு எத்தனை இடமோ, வாக்காளருக்கும் அத்தனை வாக்கு. முதல் சுற்றில் வெல்லப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த சுற்று. நான்கைந்து இடங்கள் கொண்ட தொகுதியில் சிறிதளவே முந்திய கட்சியும் எல்லா இடங்களையும் அள்ளிச் செல்ல இம்முறை வழிவிட்டது. மக்கள்தொகை கூடக் கூட எல்லைகள் திருத்தப்பட்டன. திருத்தும் பெரும்பான்மை தாராளவாதிகளிடம் இருந்ததால், பழமைவாதிகளும் பின்னர் சமூக சனநாயகவாதிகளும் ஒவ்வொரு மறுவரையறையையும் ஐயத்துடனே பார்த்தனர்.

அமைச்சர்களும் தொகுதியும்

ஏழு பேர் கொண்ட கூட்டாட்சி அமைச்சரவையில் நீடிக்க விரும்பியவர், முதலில் சொந்த மண்ணில் தேசிய அவைத் தேர்தலில் வென்று காட்டுவது மரபாக இருந்தது. 1854-இல் இந்த மரபு இருவரைச் சோதித்தது. பேர்னைச் சேர்ந்த உல்ரிக் ஒக்சன்பைன் தேசிய அவைத் தேர்தலில் தோற்றார். அமைச்சர் பதவியையும் இழந்தார். டிச்சினோவைச் சேர்ந்த ஸ்டெபனோ பிரான்ச்சினியும் தன் கன்டோனில் வெல்ல முடியவில்லை. நாட்டின் மறுகோடியில் உள்ள சாஃப்ஹவுசன் அவரைத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றியது. 

டிச்சினோ கிளர்ச்சி, 1890

முறையின் கேடு கூட்டாட்சித் தொகுதிகளோடு நிற்கவில்லை. கன்டோன் சட்டமன்றங்களிலும் அதே பெரும்பான்மை முறைதான். டிச்சினோவில் எல்லை வரையும் அதிகாரம் பழமைவாதிகளிடம் இருந்தது. 1889 தேர்தலில் அவர்கள் 12,783 வாக்குகளுடன் 77 இடங்களைப் பெற்றனர். தாராளவாதிகளுக்கு 12,166 வாக்குகள் விழுந்தும் 35 இடங்களே கிடைத்தன. 617 வாக்கு வேறுபாடு 42 இடங்களாக வீங்கியது.

அரசமைப்பைத் திருத்தக் கோரிய மனுவை அரசு இழுத்தடித்தது. 1890 செப்டம்பர் 11 அன்று தாராளவாதிகள் தலைநகர் பெல்லின்சோனாவில் ஆயுதக் கிடங்கையும் அரசு மாளிகையையும் கைப்பற்றினர். கன்டோன் அமைச்சர் லூயிஜி ரோசி சுட்டுக் கொல்லப்பட்டார். கூட்டாட்சி அரசு கர்னல் ஆர்னால்ட் குன்ஸ்லியைப் படையுடன் அனுப்பி அமைதியை மீட்டது. சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆஞ்செலோ கஸ்தியோனி இங்கிலாந்துக்குத் தப்பினார். அவரை ஒப்படைக்க லண்டன் நீதிமன்றம் மறுத்தது. அரசியல் குற்றம் எது என்பதை விளக்கிய அந்தத் தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர்களின் பாடம். ஓர் உயிரைப் பலிகொண்ட பின்னரே டிச்சினோ, வாக்குகளின் விகிதத்துக்கேற்ப இடங்களைப் பகிரும் விகிதாசார முறைக்கு மாறியது. சுவிட்சர்லாந்தில் அதுவே முதல் கன்டோன்.

முடிவு

நாடு முழுவதும் விகிதாசார முறையைக் கொண்டுவரும் முயற்சி 1900, 1910 பொது வாக்கெடுப்புகளில் தோற்றது. 1918 அக்டோபர் 13 அன்று 66.8 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அடுத்த மாதம் வெடித்த பொது வேலைநிறுத்தத்தின் முதல் கோரிக்கை, புதிய முறையில் உடனே தேர்தல் என்பதே. 1919 அக்டோபரில் அத்தேர்தல் நடந்தது. ஒவ்வொரு கன்டோனும் ஒரே தொகுதியாயிற்று. தாராளவாதிகள் 103 இடங்களிலிருந்து 60-க்குச் சரிந்தனர். சமூக சனநாயகவாதிகள் 20-லிருந்து 41-க்கு உயர்ந்தனர்.

தாக்கம்

இலங்கையும் இதே கேட்டை அறிந்த நாடு. 1977-இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குடன் 168-இல் 140 இடங்களைப் பிடித்தது. சுமார் 30 விழுக்காடு பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 இடங்களே. அடுத்த ஆண்டின் அரசமைப்பு விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது. அங்கிருந்து புலம்பெயர்ந்து சுவிஸ் குடியுரிமை பெற்ற தமிழர்கள் இன்று வாக்களிப்பதும் அதே முறையில்தான்.

சுவிட்சர்லாந்தின் தேசிய அவையில் இப்போது 200 இடங்கள். ஓர் உறுப்பினரை மட்டும் அனுப்பும் ஆறு சிறு கன்டோன்களில் மட்டுமே பெரும்பான்மை முறை நீடிக்கிறது. வாக்கின் வலுவுக்கேற்ற பங்கு என்ற கொள்கை 1959-இல் அமைச்சரவையையும் எட்டியது: ஏழு இடங்களை நான்கு பெரிய கட்சிகள் 2, 2, 2, 1 எனப் பகிர்ந்துகொண்டன. சிறுபான்மைக்கு உரிய பங்கைத் தந்ததால் அரசு வலுவிழக்கவில்லை என்பதே இத்தொகுதிகளின் மறைவுக்குப் பிந்தைய சுவிஸ் வரலாறு காட்டும் உண்மை.