வேட்டைக் கருவி வரலாற்றுச் சான்றான கதை: வின்செஸ்டர் ரைஃபிள் சேகரிப்பின் வளர்ச்சி

முன்னுரை

2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஏலம் ஒன்றில், வின்செஸ்டர் நிறுவனத்தின் 1886 மாடல் ரைஃபிள் ஒன்று 12,65,000 டாலருக்கு விலைபோனது. அதன் வரிசை எண் 1. அப்பாச்சி தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திச் சென்ற படையை நடத்திய ஹென்றி லாட்டனுக்கு அவருடைய நண்பர் ஆல்பி அதைப் பரிசளித்தார். இருவர் பெயரும் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளன. அதே ஆலையில், அதே அமைப்பில் உருவாகி, அதே அளவு நன்றாகச் சுடக்கூடிய வேறொரு 1886 மாடலுக்கு இந்த விலையில் சிறு பங்குகூடக் கிடைக்காது. இரும்பும் மரமும் இரண்டிலும் ஒன்றுதான். விலையை ஏற்றியது சான்று.

வேட்டைக்காக லட்சக்கணக்கில் செய்யப்பட்ட ஒரு பண்டம் எப்படிச் சான்றாக மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பழமை மட்டும் இம்மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. ஒரு திரைப்படம், ஓர் ஆலை எடுத்த முடிவு, ஒரு சட்டம், ஒரு பதிவேட்டுத் தொகுப்பு ஆகிய நான்கும் அதற்கு வழிவகுத்தன. சேகரிப்பவரின் இன்பமும் அவரை விடாமல் பற்றிக்கொள்ளும் வேட்கையும் இந்த மாற்றத்திலிருந்தே பிறந்தன.

புழங்குபொருளாக இருந்த காலம்

ஆலிவர் வின்செஸ்டர் 1866இல் தம் பெயரில் நிறுவிய நிறுவனம் கனெக்டிகட் மாநிலத்தின் நியூஹேவன் நகரில் ஆலை நடத்தியது. விசைக்குக் கீழேயுள்ள லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தானே குழலுக்குள் ஏறும் அமைப்பு அதன் அடையாளம். 1873 மாடல் மட்டும் ஏழு லட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. ஏறத்தாழ 50 டாலராக இருந்த அதன் விலை 1882இல் 25 டாலராகக் குறைந்ததும், பண்ணையாள் முதல் சுரங்கத் தொழிலாளி வரை எவரும் வாங்கக்கூடியதாயிற்று. பின்னர் ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1894 மாடல், புகையற்ற வெடிமருந்தில் இயங்கும் .30-30 தோட்டாவோடு மான் வேட்டைக்காரர்களின் விருப்பத் துப்பாக்கியாகிப் பல லட்சம் வீடுகளுக்குள் நுழைந்தது.

இந்தக் காலத்தில் உரிமையாளர் தம் தேவைக்கேற்பக் குழலை வெட்டிக் குறுக்கினார். உடைந்த கட்டையைக் கம்பியால் கட்டினார். தேய்ந்த மெருகை மீண்டும் பூசினார். இவற்றை எவரும் குறையாகக் கருதவில்லை. கருவி வேலை செய்தால் போதும்.

ஆனால் அரிய துப்பாக்கி, சாதாரணத் துப்பாக்கி என்ற பிரிவை நிறுவனமே விதைத்திருந்தது. சோதனையில் மிகத் துல்லியமாகச் சுட்ட குழல்களைத் தனியே எடுத்து, நுட்பமான விசையும் உயர்ந்த மெருகும் சேர்த்து, ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறித்து 100 டாலருக்கு விற்கப்போவதாக 1875இல் அறிவித்தது. 1873 மாடலில் அப்படி வெளிவந்தவை சுமார் 130 மட்டுமே.

1950: திரை தொடங்கிய தேடல்

அந்த ‘ஆயிரத்தில் ஒன்று’ முக்கால் நூற்றாண்டு கழித்து ஒரு திரைப்படத்தின் நாயகப் பொருளானது. ஆண்டனி மான் இயக்கி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘வின்செஸ்டர் 73’ 1950இல் வெளிவந்தது. படத்தை விளம்பரப்படுத்த விரும்பிய யுனிவர்சல் நிறுவனம், எஞ்சியிருக்கும் ‘ஆயிரத்தில் ஒன்று’ துப்பாக்கிகளைத் தேடி வேட்டை இதழ்களில் அறிவிப்பு வெளியிட்டது. அதுவரை எவரும் அறியாத பல துப்பாக்கிகள் அத்தேடலில் வெளிப்பட்டன.

சேகரிப்பின் வரலாற்றில் இந்நிகழ்வுக்குத் தனி இடம் உண்டு. பரணில் கிடந்த தாத்தாவின் துப்பாக்கியை இறக்கி, குழலின் மேல் என்ன பொறித்திருக்கிறது என்று படித்துப் பார்க்கும் பழக்கத்தை அது சாதாரண வீடுகளுக்குக் கொண்டு சென்றது. சுடுவதற்கு எடுத்த பொருளை வாசிப்பதற்காக எடுத்த காலம் அங்கே தொடங்கியது.

1964: ஆலை வரைந்த கோடு

இரண்டாவது திருப்பம் ஆலைக்குள் நிகழ்ந்தது. 1936இல் உற்பத்தி தொடங்கிய மாடல் 70, ஜெர்மனியின் மௌசர் 98 அமைப்பைத் தழுவியது. தோட்டா பெட்டியிலிருந்து மேலெழும் கணத்திலேயே அதன் விளிம்பைப் பற்றி, வெளியேற்றும் வரை விடாத நீண்ட எஃகு நகம் அதன் சிறப்பு. ஒவ்வொரு பாகத்தையும் எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்க நேரமும் தேர்ந்த கைகளும் தேவைப்பட்டன. கூலி உயர்ந்தது, இயந்திரங்கள் பழையவையாயின, 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700 மலிவாகப் போட்டியிட்டது. 1964இல் நிறுவனம் செலவைக் குறைக்கும் மறுவடிவமைப்பில் இறங்கியது. மாடல் 70இன் நீண்ட நகம் போயிற்று. கட்டையில் கையால் செதுக்கிய கட்டக்கோடுகளுக்குப் பதிலாக அச்சில் அழுத்திய கோலம் வந்தது. மாடல் 94இன் சில பாகங்கள் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டன.

வாடிக்கையாளர்கள் உடனே முகம் சுளித்தார்கள். ‘64க்கு முந்தியது’ என்பது அன்றுமுதல் ஒரு தரமுத்திரை ஆனது. 1963ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்கு அப்போது ஏறத்தாழ ஒரு வயதுதான். ஆனாலும் அது பழையவற்றின் வரிசையில் சேர்ந்தது. சேகரிப்பில் பழமை என்பது ஆண்டுக்கணக்கால் மட்டும் வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒரு கைத்திறன் மரபு அறுபடும் இடத்தில், அதற்கு முந்தைய அனைத்தும் ஒரே நாளில் பழமையாகிவிடுகிறது. 1990களின் தொடக்கத்தில் அந்த நகத்தை நிறுவனமே திரும்பக் கொண்டுவந்தது அக்கோட்டின் வலிமையைக் காட்டுகிறது.

சட்டமும் பதிவேடும்

1968ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டவற்றைத் தொல்பொருள் என வகுத்துத் தன் கட்டுப்பாடுகள் பலவற்றிலிருந்து விலக்கியது. ஐம்பது ஆண்டு கடந்தவற்றை அரும்பொருளாக ஏற்று, சேகரிப்பாளருக்கெனத் தனி உரிமமும் வந்தது. உற்பத்தி ஆண்டை நிறுவுவது இப்போது சட்டத் தேவையும் ஆனது.

அதற்கான சான்று வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் கிடைத்தது. 1970களின் நடுவில் வின்செஸ்டர் நிறுவனத்தின் அருங்காட்சித் தொகுப்பு அந்நகரின் பஃபலோ பில் மையத்துக்கு இடம்பெயர்ந்தது; ஆலையின் கையெழுத்துப் பேரேடுகளும் இன்று அங்கேயே உள்ளன. பழைய மாடல்கள் பலவற்றுக்கு, வரிசை எண்ணைத் தந்தால், அத்துப்பாக்கி எப்போது, எவ்வகைக் குழலோடும் விசையோடும் ஆலையைவிட்டுச் சென்றது என்று மையம் கடிதம் தருகிறது.

இன்பமும் வேட்கையும்

சேகரிப்பாளரின் இன்பம் இந்த ஒப்புநோக்கலில் இருக்கிறது. பேரேடு எண்கோணக் குழல் என்கிறது. கையில் இருப்பதும் எண்கோணமா? திருகாணிகளின் தலைப்பிளவு சிதையாமல் இருக்கிறதா? எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மறுமெருகில் மழுங்கியிருக்கிறதா? மறைந்துபோன ஒரு தொழிலாளியின் கைவேலையை அணு அணுவாகப் படிக்கும் அறிவின்பம் இது, மதிக்கத்தக்கது.

வேட்கையும் இதே வேரில் முளைக்கிறது. பேரேடு ஒவ்வொரு வேறுபாட்டையும் பெயரிட்டு நிறுத்துவதால், இல்லாத ஒவ்வொன்றும் ஒரு வெற்றிடமாகிறது. மாடல் 70இல் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது, இடைமாற்றக் காலத்தது, பிந்தியது என வகைகள், ஒவ்வொன்றிலும் தோட்டா அளவுகள், அவற்றுள் .35 ரெமிங்டன், 7 மி.மீ. மௌசர் போன்ற அரியவை. முழுமை அடுத்த துப்பாக்கியில் இருப்பதாகவே எப்போதும் தோன்றும். தொலைநோக்கி பொருத்தப் பிற்காலத்தில் துளைத்த ஒரே ஒரு துளை விலையைப் பெரிதும் இறக்கிவிடுகிறது. அதனால் துளையை நிரப்பி மறைக்கும் மோசடியும், அதைக் கண்டறியும் புலமையும் சேர்ந்தே வளர்ந்தன.

முடிவுரை

2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஜூனிப்பர் மரமொன்றில் சாய்த்து வைத்தபடியே கைவிடப்பட்ட 1873 மாடல் ரைஃபிள் ஒன்றைத் தொல்லியலாளர்கள் கண்டார்கள். கட்டை வெடித்து வெளுத்திருந்தது, குழல் துருவேறியிருந்தது. கோடி நகரிலுள்ள பேரேடு அது 1882இல் ஆலையை விட்டுச் சென்றதைச் சொன்னது. யாருக்குச் சென்றது என்று சொல்லவில்லை. ஊடுகதிர்ப் படம் கட்டைக்குள்ளிருந்த ஒரு தோட்டாவைக் காட்டியது. பஃபலோ பில் மையம் அத்துப்பாக்கியை மெருகேற்றிப் புதிதாக்கவில்லை. மேலும் சிதையாமல் உறுதிப்படுத்தியது.

சேகரிப்பாளர் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டிய நெறி அதுவே. ஆலையிலிருந்து வந்தபடி தீண்டப்படாத துப்பாக்கிக்கே மதிப்பு என்னும் சந்தையின் அளவுகோல், ஒரு பொருளின் வாழ்வில் முதல் நாளை மட்டுமே வரலாறாக ஏற்கிறது. வேட்டைக்காரர் வெட்டிய குழலும், பண்ணையாள் கம்பி சுற்றிய கட்டையும் அப்பொருளின் பிந்தைய வாழ்வுக்குச் சான்றுகள். துப்பாக்கியைச் சான்றாக ஏற்றுக்கொண்ட ஒரு மரபு, அச்சான்றை முழுமையாகப் படிக்கவும் கடமைப்பட்டது.